மாணவர் செயல்

பி.எட். முடித்தவர்களின் வீட்டுப் பரணில் கட்டாயம் ஒரு மூட்டை இருக்கும். பிரவுன் அட்டை போட்ட ரெகார்டு நோட்டுகள், சுருட்டி ரப்பர் பேண்ட் மாட்டிய சார்ட்டுகள், மூலை உடைந்த ஒரு தெர்மாகோல் எரிமலை. தூக்கிப் போட மனசு வராது, பிரித்துப் பார்க்கவும் தோன்றாது. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது என் மூட்டையை அம்மா கீழே இறக்கிவைத்து, "பழைய பேப்பர்காரன் வந்திருக்கான், போட்டுடவா?" என்று கேட்டாள். கொஞ்சம் இரு என்று பிரித்தேன். மேலாக இருந்தது சமூக அறிவியல் பாடக்குறிப்பு நோட்டு.

பாடக்குறிப்பு என்பது ஒரு அட்டவணை. பாடப்பொருள், கற்பித்தல் நோக்கம், ஆசிரியர் செயல், மாணவர் செயல், துணைக்கருவி, மதிப்பீடு என்று பக்கம் முழுக்கக் கட்டம் போட்டுக்கொள்ள வேண்டும். நாற்பத்தைந்து நிமிட வகுப்பில் நடக்கப்போவது எல்லாம் முதல் நாள் இரவே அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். நான் சொல்லப்போவதை நான் எழுதுவதில் ஒன்றும் இல்லை. மாணவர் சொல்லப்போவதையும் நானேதான் எழுத வேண்டும். என் நோட்டில் அந்த நான்காவது கட்டத்தில் பக்கத்துக்குப் பக்கம் ஒரே வாக்கியங்கள்: 'மாணவர்கள் உற்றுநோக்குகின்றனர்.' 'மாணவர்கள் சரியான விடை கூறுகின்றனர்.' 'மாணவர்கள் குறிப்பெடுத்துக்கொள்கின்றனர்.' நான் இன்னும் முகம் பார்த்திராத பிள்ளைகள் எல்லோரும் என் நோட்டுக்குள் சரியான விடை கூறிக்கொண்டிருந்தார்கள்.

2017இல் சேர்ந்தேன். பி.ஏ. வரலாறு முடித்து ஒரு வருஷம் வீட்டில் இருந்தபோது, "பொண்ணுக்கு டீச்சர் வேலைதான் தோது" என்று வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். எனக்கும் வேறு யோசனை இல்லை. ஒரு வருஷமாக இருந்த பி.எட். 2015லிருந்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது, அதனால் செலவும் இரண்டு பங்கு என்று அப்பா முணுமுணுத்தார். ஆனால் கட்டினார்.

முதல் வருஷத்தில் எனக்குப் பிடித்தது நுண்ணிலைக் கற்பித்தல்தான். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் அறுபதுகளில் தொடங்கிய முறை. கற்பித்தலைச் சின்னச் சின்னத் திறன்களாக உடைத்து, ஒவ்வொன்றையும் தனியாகப் பழக வேண்டும். தொடங்கும் திறன், விளக்கும் திறன், கிளர்வினா கேட்கும் திறன், பல்வகைத் தூண்டல் திறன், வலுவூட்டும் திறன், கரும்பலகையைப் பயன்படுத்தும் திறன். ஆறு நிமிஷம் பாடம், ஆறு நிமிஷம் பின்னூட்டம், பன்னிரண்டு நிமிஷம் திருத்தி எழுத, மறுபடி ஆறு, மறுபடி ஆறு. மொத்தம் முப்பத்தாறு நிமிஷம்.

மாணவர்களாக உட்காருவது எங்கள் வகுப்பு ஆட்களேதான். என் முன்னால் உட்கார்ந்த 'எட்டாம் வகுப்பு மாணவர்'களில் ஒருவர் ஏற்கெனவே எம்.பில். முடித்தவர். ஒரு அக்கா கைக்குழந்தையை ஹாஸ்டல் ஆயாவிடம் விட்டுவிட்டு வந்திருப்பாள். வாஸ்கோடகாமா எங்கே வந்து இறங்கினார் என்று நான் கேட்க, அந்த அக்கா கையைத் தூக்கி, குரலைச் சின்னதாக்கி, "கள்ளிக்கோட்டை மிஸ்" என்பாள். நான் "வெரிகுட், உட்காரு" என்பேன். எல்லோரும் கைதட்டுவோம். சிரிப்பை அடக்கப் படும் பாடு இருக்கிறதே! ஆனால் மூன்றாம் வாரத்தில் சிரிப்பு போய்விட்டது. பின்னால் உட்கார்ந்திருக்கும் இருவர் கையில் ஒரு தாள் இருக்கும். வலுவூட்டும் திறன் என்றால், நான் எத்தனை முறை 'நன்று' என்றேன், எத்தனை முறை தலையசைத்தேன், மாணவரின் விடையை எத்தனை முறை பலகையில் எழுதினேன் என்று கோடு போட்டு எண்ணுவார்கள். கோடு குறைந்தால் மதிப்பெண் குறையும். ஆகவே எந்த விடை வந்தாலும் வாய் தானாக 'வெரிகுட்' என்று சொல்லப் பழகிவிட்டது. பஸ்ஸில் கண்டக்டர் சில்லறை கொடுத்தால்கூடச் சொல்லியிருக்கிறேன்.

அடுத்து 'ஊக்கமூட்டல்'. பாடத் தலைப்பை ஆசிரியர் தானாகச் சொல்லிவிடக் கூடாது, கேள்வி கேட்டுக் கேட்டுப் பிள்ளைகள் வாயிலிருந்து வரவழைக்க வேண்டும். எங்கள் நோட்டுகளில் அது இப்படி இருக்கும். நாம் வாழும் நாடு எது? இந்தியா. இந்தியாவை ஆண்ட அயல்நாட்டவர் யார்? ஆங்கிலேயர். அவர்களை எதிர்த்து 1857இல் நடந்தது என்ன? பெரும் புரட்சி. மிகவும் சரி, இன்று நாம் படிக்கப்போவது 1857ஆம் ஆண்டுப் பெரும் புரட்சி. இந்த மூன்று கேள்விக்கும் விடை தெரிந்த பிள்ளைக்கு அந்தப் பாடம் எதற்கு என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. சீனியர் நோட்டைப் பார்த்து எழுதினோம். சீனியர் அவருடைய சீனியரைப் பார்த்து எழுதியிருப்பார்.

சமூக அறிவியல் என்ற பாடமே எங்கள் பள்ளிகளில் எப்படி வந்தது என்று ஒரு தாள் படித்தோம். வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் என்று தனித்தனியாகச் சொல்லித்தராமல், பிள்ளை தான் வாழும் சமூகத்தைப் புரிந்துகொள்ள ஒன்றாகச் சேர்த்துச் சொல்லித்தர வேண்டும் என்பது 1952-53இன் இடைநிலைக் கல்விக் குழுவின் பரிந்துரை. அதன் தலைவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் துணைவேந்தராக இருந்த ஏ. இலட்சுமணசாமி முதலியார். தேர்வில் அவர் பெயரும் ஆண்டும் ஒரு மதிப்பெண். நடைமுறையில் நடந்தது நாலு புத்தகத்தை ஒரே அட்டையில் சேர்த்துத் தைத்ததுதான். வரலாறு படித்த நான் சம உயரக் கோடுகளைப் பார்த்துப் பயந்தேன். புவியியல் படித்து வந்த தோழி பானிபட் போர்களை விரலில் எண்ணிக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் வருஷம் பதினாறு வாரம் பள்ளிப் பயிற்சி. எனக்குக் கிடைத்தது செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் ஒரு அரசு உயர்நிலைப்பள்ளி. காலையில் திண்டிவனத்தில் பஸ் மாறிப் போக வேண்டும். ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தால் வழியெல்லாம் பாறைக்குன்றுகள், உருட்டி வைத்த மாதிரி. நடுவில் சவுக்குத் தோப்பு, மணிலா, கொஞ்சம் கரும்பு.

எனக்கு வழிகாட்டி ஆசிரியராக இருந்தவரைக் கைடு சார் என்போம். ஓய்வுபெற இரண்டு வருஷம் இருந்தது. டிவிஎஸ் 50 வண்டி, மேல்சட்டைப் பையில் எப்போதும் மூன்று சாக்பீஸ். முதல் நாள் என் பாடக்குறிப்பு நோட்டை வாங்கிப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார். "அழகா எழுதியிருக்கம்மா. இத மேசை மேல வெச்சுடு. காத்துல பக்கம் புரளாம மேல டஸ்டர வெச்சுக்க. அப்புறம் பாடம் நடத்து" என்றார். கிண்டல் செய்கிறாரா என்று தெரியவில்லை. பழகியபின் தெரிந்தது, பாதி கிண்டல்.

அவர் வகுப்பு எடுப்பதைப் பார்த்தால் பி.எட். கல்லூரியில் தேற மாட்டார். ஊக்கமூட்டல் கிடையாது, சார்ட் கிடையாது. நாற்காலியை வாசல் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வார். செஞ்சிக் கோட்டையை 1677இல் சிவாஜி பிடித்ததைச் சொல்லிக்கொண்டே, "டேய், உங்க ஊர்ல தேசிங்குராஜா கூத்து எப்ப?" என்பார். ஒரு பையன் எழுந்து கூத்துக் கதையை ஆரம்பிப்பான். அதில் பாதி வரலாறு, பாதி வரலாறு இல்லை. எது எது என்று பிரித்துச் சொல்லிக்கொண்டே மணி அடித்துவிடும். பாடம் முடிந்திருக்காது. பரீட்சை நெருங்கும்போது இரண்டு நாளில் கேள்வி-பதில் எழுதிப்போட்டு முடிப்பார். இதை நல்ல முறை என்று நான் சொல்ல மாட்டேன். மெல்லக் கற்கும் பிள்ளைகள் அந்த இரண்டு நாளில் திணறினார்கள்.

நவம்பரில், தீபாவளி முடிந்து, எனக்கு மேற்பார்வை வகுப்பு வந்தது. கல்லூரியிலிருந்து விரிவுரையாளர் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து மதிப்பெண் போடும் வகுப்பு. ஒன்பதாம் வகுப்பு. அந்த வருஷம்தான் ஒன்பதுக்குப் புதுப் புத்தகம் வந்திருந்தது. பொருளியலில் வேலைவாய்ப்புப் பாடம். முதன்மைத் துறை, இரண்டாம் துறை, சார்புத் துறை. இயற்கையிலிருந்து நேராக எடுக்கிற வேலை முதன்மை, அதைப் பொருளாக மாற்றுகிற வேலை இரண்டாம் துறை, சேவை எல்லாம் சார்பு. எளிய பாடம். நானும் கைடு சாரைப் போல ஒன்று செய்துபார்க்கலாம் என்று நினைத்தேன். பலகையில் மூன்று கட்டம் போட்டு, பிள்ளைகளின் வீட்டில் யார் என்ன வேலை பார்க்கிறார்கள் என்று கேட்டு, அவர்கள் வாயாலேயே நிரப்ப வேண்டும். பாடக்குறிப்பில் எழுதிவிட்டேன். ஆசிரியர் செயல்: 'மாணவர்களின் பெற்றோரது தொழில்களைக் கேட்டு வகைப்படுத்துகிறார்.' மாணவர் செயல்: 'மாணவர்கள் ஆர்வத்துடன் கூறுகின்றனர்.'

ஆர்வத்துடன்தான் ஆரம்பித்தது. விவசாயம் மிஸ். டிரைவர் மிஸ். கொத்தனார். திருப்பூர் பனியன் கம்பெனி. மெட்ராஸ்ல ஓட்டல்ல மாஸ்டர். ஒரு பெண் "எங்கம்மா நூறு நாள் வேலை மிஸ்" என்றாள். அது எந்தத் துறை என்று முன்வரிசைப் பையன் கேட்டான். ஏரி தூர் வாரினா முதன்மையா, ரோட்டுக்கு மண் போட்டா இரண்டாம் துறையா? எனக்குத் தெரியவில்லை. எனக்கு இன்றுவரை அதில் தெளிவு இல்லை. "நல்ல கேள்வி, அப்புறம் பார்ப்போம்" என்று சமாளித்தேன். பின்னால் பேனா அசைந்தது.

மூன்றாம் வரிசை ஓரத்தில் ஒரு பையன். அதிகம் பேச மாட்டான். ஏரிக்கரையை ஒட்டிய இருளர் குடியிருப்பிலிருந்து வருபவன். எல்லோரையும் பங்கேற்கச் செய்ய வேண்டும் என்பது மதிப்பீட்டுத் தாளில் ஒரு வரி. அதனால் அவனைக் கேட்டேன். எழுந்து நின்றான்.

"உங்கப்பா என்ன வேலை பாக்குறாரு?"

"அட்வான்ஸ்ல இருக்காரு மிஸ்."

எனக்குப் புரியவில்லை. "அட்வான்ஸ்னா?"

"மேஸ்திரிகிட்ட அட்வான்ஸ் வாங்கிக்கிது மிஸ். கரும்பு வெட்ட. அது கழியற வரிக்கும் அங்கதான்."

யாரோ ஒருவன் களுக்கென்று சிரித்தான். மற்றவர்கள் சும்மா இருந்தார்கள். அது அவர்களுக்குப் புதுச் செய்தி இல்லை. நான் பலகைப் பக்கம் திரும்பி, முதல் கட்டத்தில் 'கரும்பு வெட்டுதல்' என்று எழுதினேன். கரும்பு இயற்கைப் பொருள், ஆகவே முதன்மைத் துறை. வகைப்பாடு சரி. திரும்பி அவனைப் பார்த்து, "வெரிகுட், உட்காரு" என்றேன்.

உட்கார்ந்தான்.

வகுப்பு முடிந்தது. விரிவுரையாளர் தாளைக் காட்டினார். வலுவூட்டும் திறனுக்கு ஐந்துக்கு ஐந்து. 'மாணவர்களின் வாழ்க்கை அனுபவத்தோடு பாடம் இணைக்கப்பட்டது, சிறப்பு' என்று கீழே ஒரு வரி. அவர் நல்ல மனிதர், அக்கறையோடுதான் எழுதினார். எனக்கு அன்று மதியம் வரை சந்தோஷமாகத்தான் இருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில்தான் உறுத்த ஆரம்பித்தது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், ஆண்டு 1976. அரசியலமைப்பின் 23ஆவது உறுப்பு. இரண்டும் என் டெட் தேர்வுக் குறிப்பேட்டில் சிவப்பு மையில் கோடிட்டு இருந்தவை. பி.ஏ.வில் கொஞ்சம் விரிவாகவே படித்திருந்தேன். அவசரச் சட்டமாக 1975 அக்டோபரில் வந்து அடுத்த வருஷம் சட்டமானது. முன்பணம் வாங்கியவர் அதற்கு ஈடாக, வேறு இடத்துக்குப் போகவோ வேறு வேலை பார்க்கவோ முடியாத நிலையில் இருந்தால், அல்லது குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே உழைத்தால், அது கொத்தடிமை முறை. சங்கிலி கட்டியிருக்க வேண்டும் என்பதில்லை. குறைந்தபட்சக் கூலி கொடுக்காமல் வாங்கும் வேலையே கட்டாய உழைப்புதான் என்று 1982இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இதெல்லாம் எனக்குத் தெரியும். 'கழியற வரிக்கும் அங்கதான்' என்று அவன் என் முகத்துக்கு நேராகச் சொன்னபோது அதெல்லாம் எங்கே போயிருந்தது? நான் தேடிக்கொண்டிருந்தது மூன்று கட்டங்களில் ஒன்றை. அவன் சொன்னது எந்தத் துறை என்ற கேள்விக்கு விடை இருந்தது. அவன் சொன்னது என்ன என்பது என் நோட்டில் கேள்வியாகவே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் கேள்வி என்னிடமும் கேட்கப்பட்டதுதான். என் அப்பா டாஸ்மாக் கடையில் விற்பனையாளர். 2003இல் அரசே சில்லறைக் கடைகளை எடுத்து நடத்த ஆரம்பித்தபோது சேர்ந்தவர். எட்டாம் வகுப்பில் ஒரு டீச்சர் ஒவ்வொருவராக எழுப்பி அப்பா என்ன வேலை என்று கேட்டுக்கொண்டே வந்தார். என் முறை வருவதற்குள் உள்ளங்கை வேர்த்துவிட்டது. "கவர்மென்ட் வேலை டீச்சர்" என்றேன். பொய் என்றும் சொல்ல முடியாது. எந்த டிபார்ட்மென்ட் என்று கேட்டுவிடுவாரோ என்று நின்ற அந்த இரண்டு விநாடி எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. அதே கேள்வியை, பதினைந்து வருஷம் கூட ஆகாமல், ஊக்கமூட்டல் என்று பெயர் வைத்து நானே ஒரு வகுப்பு முழுக்கக் கேட்டிருக்கிறேன். அன்று இரவு அப்பா கடையை மூடிவிட்டு வர வழக்கம்போலப் பதினொன்று ஆனது. சாப்பாடு போட்டேன். ஒன்றும் பேசவில்லை.

மறுநாள் கைடு சாரிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. "இங்க எல்லாருக்கும் தெரியும்மா" என்றார். கரும்புக்கு, செங்கல் சூளைக்கு, கரி மூட்டம் போட, மரம் வெட்ட. மழை நின்றால் குடும்பமாகப் போவார்கள், பிள்ளைகளும் போகும். ஜனவரிக்கு மேல் ஒன்பதாம் வகுப்பில் நாலைந்து இடம் காலியாக இருக்கும். "டி.சி. கேட்டு யாரும் வரமாட்டாங்க. வராதவன பேரடிக்கச் சொல்லி மேலேர்ந்து சொல்லுவாங்க. நான் அடிக்க மாட்டேன். பேரு இருந்தாத்தான் திரும்பி வந்தா உக்கார ஒரு எடம் இருக்கும்." சொல்லிவிட்டுச் சற்று நேரம் வெளியே பார்த்தார். "இதுவும் ஒருவிதத்துல தப்புதாம்மா. பேரு இருக்குன்னா பையன் படிக்கிறான்னு கணக்காயிடுது."

அந்தச் சனிக்கிழமை அவர் வண்டியில் பின்னால் உட்கார்ந்து குடியிருப்புக்குப் போனேன். ஏரிக்கரையில் பத்துப் பன்னிரண்டு வீடுகள். சில கூரை, சில தார்ப்பாய். பையன் எங்களைப் பார்த்ததும் வீட்டுக்குப் பின்னால் போய்விட்டான். அவன் அம்மாவும் பாட்டியும் இருந்தார்கள். சாரை அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. எனக்கு உட்காரச் சாக்கு விரித்தார்கள்.

நான் சட்டத்தை எடுத்துச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். ஆரம்பித்தேன். முன்பணத்துக்காக யாரையும் பிடித்துவைக்க முடியாது, கோட்டாட்சியரிடம் சொன்னால் விசாரித்து விடுவிப்புச் சான்றிதழ் கொடுப்பார்கள், கடன் தானாக ரத்தாகும் என்று பாடம் நடத்தும் குரலிலேயே சொன்னேன். அந்த அம்மா முழுக்கக் கேட்டாள். பிறகு, "மேஸ்திரி ஒண்ணும் கெட்டவரில்ல மிஸ்" என்றாள். மாமியாருக்கு ஆஸ்பத்திரிச் செலவுக்கு அவர்தான் கொடுத்தார். போன வருஷம் கணக்குப் பார்த்ததில் இன்னும் இருபதாயிரம் நிற்பதாகச் சொன்னார். எப்படி நிற்கிறது என்று அவளுக்குத் தெரியாது, நோட்டு அவரிடம் இருக்கிறது. "புகாரு குடுத்துட்டா அடுத்த தபா அவசரம்னா யாருகிட்ட போயி நிக்கிறது மிஸ்? நீங்க தருவீங்களா?" குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டாள்.

சார் நடுவில் ஒன்றும் பேசவில்லை. கிளம்பும்போது, "அரையாண்டு முடியற வரைக்கும் பையன கூட்டிட்டுப் போயிடாத. பரீட்ச எழுதட்டும்" என்று மட்டும் சொன்னார். சரி என்றாள்.

சார் ஆட்சியர் அலுவலகம் நான் தினமும் பஸ் மாறும் திண்டிவனத்திலேயே இருந்தது. நான் போகவில்லை. பயிற்சிக்கு வந்த இடத்தில் வம்பு எதற்கு என்று ஒரு காரணம். அந்த அம்மா கேட்ட கேள்விக்கு என்னிடம் விடை இல்லை என்பது இன்னொரு காரணம். அவள் சம்மதிக்கவில்லை என்பது நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணம். சட்டம் அவள் சம்மதத்தைக் கேட்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். இவற்றில் எது எத்தனை பங்கு என்று இத்தனை வருஷம் கழித்தும் என்னால் பிரிக்க முடியவில்லை. அந்த மாவட்டத்தில் இருளர்களுக்காக இதே வேலையாக உழைத்தவர்கள் இருந்தார்கள், அவர்களிடமாவது சொல்லியிருக்கலாம். யாரிடம் போக வேண்டும் என்பதுகூடப் பயிற்சி முடிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இரண்டு வருஷப் படிப்பில், அத்தனை தாள்களில், ஒரு பிள்ளை இப்படி ஒன்றைச் சொன்னால் ஆசிரியர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அரைப் பக்கம்கூடக் கிடையாது. எரிமலை செய்யக் கற்றுக்கொடுத்தார்கள்.

மீதிப் பயிற்சி நாட்களில் நான் கேள்விகளைக் குறைத்துக்கொண்டேன். அது நல்லதா என்று தெரியவில்லை. வாய் அடைத்துக்கொண்டது என்பதுதான் நிஜம். ஒரு நாள் மனித உரிமைகள் பற்றிய பாடக்குறிப்பு எழுதும்போது, மாணவர் செயல் கட்டத்தை நிரப்பாமல் விட்டேன். என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாது, அதனால் எழுதவில்லை. அவ்வளவுதான் காரணம். நோட்டைத் திருத்திய கல்லூரியில், 'முழுமையாக இல்லை, மீண்டும் எழுதுக' என்று சிவப்பு மையில் வந்தது. ரெகார்டு ஒப்படைக்க மூன்று நாள்தான் இருந்தது. உட்கார்ந்து நிரப்பினேன். 'மாணவர்கள் உற்றுநோக்குகின்றனர்.' மூட்டையிலிருந்து எடுத்த நோட்டில் அந்தப் பக்கம் இருக்கிறது. மை மட்டும் வேறு நிறம்.

அந்தப் பையன் அரையாண்டுத் தேர்வு எழுதினான். சமூக அறிவியல் தேர்வன்று நான் மேற்பார்வைக்கு நின்றேன். வரைபடக் கேள்வியில் ஆறுகளைச் சரியாகக் குறித்திருந்தான். என் பயிற்சி முடிந்து, கையெழுத்தெல்லாம் வாங்கிக் கிளம்பிய நாளில் அவன் வரவில்லை.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2019இல் டெட் எழுதித் தேறினேன். டெட் தேறினால் வேலை என்பது பழைய கதை. 2018இல் வந்த அரசாணை 149, நியமனத்துக்கு இன்னொரு போட்டித் தேர்வு என்றது. காத்திருக்கிறவர்களோடு நானும் காத்திருக்கிறேன், நடுவில் ஒரு தனியார் மெட்ரிகுலேஷன் பள்ளியில் வேலை பார்க்கிறேன். ஒன்பதாம் வகுப்புக்கு அந்தப் பாடம் வருஷா வருஷம் வருகிறது. அப்பா என்ன வேலை என்று கேட்பதில்லை. காலையில் நீங்கள் குடித்த டீயில் இருந்த சர்க்கரை உங்கள் டம்ளருக்கு வருவதற்குள் யார் யார் கையில் இருந்திருக்கும் என்று பின்னோக்கிக் கேட்கிறேன். கடைக்காரர், லாரி, ஆலை என்று பிள்ளைகள் வேகமாகப் போவார்கள். கரும்பு வெட்டுகிறவர் வந்ததும், அவருக்குக் கூலி எப்படிக் கிடைக்கும் என்று கேட்டுவிட்டு நிறுத்துவேன். பெரும்பாலும் "மாசா மாசம் மிஸ்" என்பார்கள். அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. பாடம் இரண்டு பீரியட் இழுத்துவிடும். ஒருங்கிணைப்பாளர் போர்ஷன் முடியவில்லை என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

2020இல் கொரோனாவால் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு ரத்தானது. காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணையும் வருகைப் பதிவையும் வைத்து எல்லோரும் தேர்ச்சி என்று அரசு அறிவித்தது. முடிவு வந்த ஆகஸ்டில் கைடு சாருக்குப் போன் செய்தேன். ஓய்வு பெற்றிருந்தார். ஊரடங்கில் வீட்டிலேயே இருப்பதாகவும் கால் வலி என்றும் சொன்னார். கொஞ்சம் சுற்றிவளைத்து அந்தப் பையனைப் பற்றிக் கேட்டேன்.

"பாஸும்மா" என்றார். குரலில் ஒரு துள்ளல். "ரெண்டு பரீட்சைக்கும் நானே போயி வண்டில உக்காரவெச்சுக் கூட்டியாந்தேன். பேரு இருந்துச்சு, மார்க்கு இருந்துச்சு. பாஸு."

"இப்ப எங்க சார் இருக்கான்?"

"எங்க இருப்பான், அவங்கப்பாகூடத்தான். போன வாரம் ஸ்கூலுக்குப் போயிருந்தேன். சர்டிபிகேட் எச்.எம். ரூம் பீரோவுல இருக்கு. வாங்க இன்னும் வரல."